மானுக்கு எட்டாத உயரம்

மலையடிவாரத்தில் பழமரம் வைப்பவர்கள் வேலிக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

மா ஒட்டுக்கன்றை மான் மேய்ந்துவிட்டுப் போனால் முழு நட்டமும் அன்றைக்கே தெரிந்துவிடாது. கொழுந்தும் இளந்தண்டும் போயிருக்கும். கொஞ்ச நாளில் கன்று மறுபடி துளிர்க்கும். பிழைத்துக்கொண்டது என்று தண்ணீர் விட்டு வளர்ப்போம். மேய்ச்சல் ஒட்டுக்கட்டு வரை இறங்கியிருந்தால், துளிர்ப்பது நாம் காசு கொடுத்து வாங்கிய ரகமல்ல, அடியில் இருக்கும் வேர்ச்செடி. ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்: நட்டது இமாம்பசந்த், நிற்பது பெயர் தெரியாத நாட்டு மா.

தொண்டாமுத்தூர், காரமடை, சத்தியமங்கலம், தாளவாடி, தெற்கே கடையம், புளியங்குடி என்று காடும் தோட்டமும் ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் யானை வந்தால் செய்தியாகிறது. பன்றி வந்தால் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகிறது. மான் வந்துபோவது பெரும்பாலும் கணக்கில் ஏறுவதே இல்லை. பத்துக் கன்று போனால் பத்துக் கன்று வாங்கி நடுகிறோம். அதையும் மேய்ந்தால் ‘இந்த மண்ணுக்கு மா வராது’ என்று சொல்லிவிடுகிறோம்.

பழமரத்தைப் பொறுத்தவரை மானோடு ஆயுள் முழுக்கப் போராட வேண்டியதில்லை. கன்றின் நுனிக்குருத்து மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகள்தான் பெரிய ஆபத்து. அதைக் கடத்திவிட்டால், பிறகு தாழ்ந்த கிளையில் நாலு இலை போவது மரத்துக்கு ஒரு பொருட்டல்ல. காய்கறித் தோட்டத்தின் கதை வேறு. அது எப்போதும் மானின் வாய்மட்டத்திலேயே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் போகிறது, கன்றும் போகிறது.

வந்தது மான்தானா?

மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் கவ்வி இழுத்துக் கிழிக்கும். அதனால் மேய்ந்த நுனி பிசிறடித்து, நார் நாராக இருக்கும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியது போலச் சாய்வாக, சுத்தமாக இருக்கும். முள்ளம்பன்றி அடிப்பட்டையைக் கொறிக்கும். காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி வேரைத் தேடும்.

ஒரு சிக்கல் உண்டு. வெள்ளாட்டுக்கும் மேல் முன்பற்கள் இல்லை. நுனியை மட்டும் பார்த்துவிட்டுக் காட்டைக் குறை சொன்னால், குற்றவாளி பக்கத்துத் தோட்டத்து ஆடாகவும் இருக்கலாம். குளம்படியையும் புழுக்கையையும் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் மேய்ச்சல் நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புள்ளிமான் கூட்டமாக, அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் வரும். கடமான் இரவில் வரும். தென்மாவட்டங்களில் மிளா என்று சொல்வது இதைத்தான். புள்ளிமானின் தோளுயரம் சுமார் மூன்றடி. பின்னங்காலில் எழுந்து நின்றால் ஆறடி உயரத்துக் கிளையையும் எட்டிவிடும். கடமான் நின்ற நிலையிலேயே தோளுயரம் நாலரை ஐந்து அடி வரும்.

இலை மேய்வது ஒரு பக்கம். ஆண் மான்களுக்குக் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். மேலே போர்த்தியிருக்கும் மென்தோல் காய்ந்ததும், அதை உரசிக் கழிக்க மணிக்கட்டுப் பருமனுள்ள இளமரமாகப் பார்த்துத் தேய்க்கும். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால், இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் காய்ந்துவிடும். உயரத்தில் தப்பிய மரம் அடித்தண்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

காட்டில் இல்லாதது தோட்டத்தில் இருக்கிறது

புள்ளிமானுக்கு முதல் உணவு புல். காட்டுக்குள் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றை என்னும் அந்நிய மரமும் புதராக மண்டிய இடங்களில் அடியில் புல் முளைப்பதில்லை. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இந்த மஞ்சள் கொன்றையை அகற்றும் வேலை நடக்கிறது. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள தமிழ்நாடு காகித ஆலையும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது முடியும்வரை, கோடையில் காடு வறண்டு கிடக்க, சொட்டுநீரில் பசேலென்று நிற்கும் தோட்டம் மானை இழுக்கத்தான் செய்யும்.

உதிர்ந்த பழமும் ஓர் அழைப்பு. நெல்லிக்காயை மான் விரும்பித் தின்னும். பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பிவிடும். காட்டில் நெல்லி பரவுவதற்கு இது பெரிய உதவி. தோட்டத்தில் அதே பழக்கம், தினமும் வந்துபோகும் தடத்தை உண்டாக்கிவிடுகிறது. மரத்தடியில் விழும் நெல்லி, மா, வேலங்காய் நெற்று இவற்றை அன்றன்றைக்குப் பொறுக்கிவிடுவது செலவில்லாத முதல் காவல்.

இன்னொன்று, மறைவிடம். புள்ளிமான் பொதுவாகப் புதர் மறைவிலிருந்து 300 மீட்டருக்கு மேல் விலகிப் போகத் தயங்கும். வேலியோரம் மண்டிய சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் வெட்டி வெட்டவெளியாக வைத்தால், பகலில் வரும் கூட்டம் குறையும். கடமானைத் தடுக்க இது போதாது. இருட்டே அதற்கு மறைவு.

பயம் எத்தனை நாள்?

பட்டாசு, தகரம், பாட்டில் ஓசை, மினுக்கும் பழைய சிடி, சலூனில் அள்ளிவந்த முடி என்று எல்லாவற்றையும் நம் விவசாயிகள் செய்துபார்த்துவிட்டார்கள். எல்லாமே வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. ஓசையால் தனக்குத் தீங்கில்லை என்று மானுக்குப் புரிந்ததும், அதைக் கேட்டுக்கொண்டே மேயும். இவற்றை இடம் மாற்றி, நேரம் மாற்றி, அறுவடைக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பலன் உண்டு. ஆண்டு முழுக்கத் தொங்கவிட்டால் அது வெறும் தோரணம்.

வாடைகளில் முட்டைக்குத் தனி மதிப்பு. அமெரிக்காவில் வெண்வால் மான்களிடம் செய்த ஆய்வுகளில், விரட்டும் பொருள்களில் அழுகிய முட்டை சேர்ந்தவை முன்வரிசையில் நிற்கின்றன. அந்த வாடை, மாமிசம் தின்னும் விலங்கு அருகில் இருப்பதாக மானை நினைக்க வைக்கிறது என்பது விளக்கம். ஆனால் மழையில் கழுவிப்போகும். தெளித்த பிறகு விடும் புதுத்தளிரில் வாடை இருக்காது, மான் தேடி வருவதோ அந்தத் தளிரைத்தான். எனவே திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். கீரைமீதும் பழுக்கும் பழத்தின்மீதும் தெளிக்கவே கூடாது.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவதைப் பலர் கேலி செய்வார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் தாவ மான் தயங்கும். ஆகவே கம்பியைவிடக் கண்ணை மறைக்கும் துணி, குறைந்த உயரத்திலும் தடுக்கும். சிவப்புச் சேலைதான் மிரட்டும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. மான் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புகள் இரண்டு வகைதான். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. நீலமும் வெள்ளையும் எடுப்பாகத் தெரியும்.

நாய் நல்ல காவல், குரைப்பதோடு நிற்கும்வரை. கட்டவிழ்ந்து கூட்டமாகத் துரத்தினால் மான் செத்துப்போகும். சிறுத்தை நடமாடும் மலையடிவாரத்தில் இரவு வெளியே கட்டிய நாய்க்கே காவல் தேவை.

கூண்டா, வேலியா?

இனி அந்தக் கணக்கு. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. மாமரத்தைப் பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரம். ஒரு கன்றைச் சுற்றி மூன்றடி விட்டத்தில் கம்பிவலைக் கூண்டு போட ஒன்பதரை அடி வலை வேண்டும். 40 கன்றுக்கு 380 அடி. சுற்றுவேலிக்குத் தேவையானதில் பாதிக்கும் குறைவு. உயரமும் ஐந்தடி போதும். கல்தூண், குழி, கேட் எதுவும் வேண்டாம், கூண்டுக்கு மூன்று குச்சி ஊன்றினால் சரி. நான்கு ஆண்டு கழித்து அதே வலையைக் கழற்றி அடுத்த நடவுக்குக் கொண்டுபோகலாம்.

அடர் நடவில் கணக்கு தலைகீழாகும். 5 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 160 கன்று, கூண்டுக்கு 1,520 அடி வலை. அதற்குச் சுற்றுவேலியே மலிவு. மேலும் அடர் நடவு மரங்களைக் கவாத்து செய்து குட்டையாகவே வைத்திருப்போம். அவை மானுக்கு எட்டாத உயரத்துக்கு ஒருநாளும் போகப்போவதில்லை. காட்டோரத்தில் அடர் நடவு செய்பவர் வேலிச் செலவை நடவுச் செலவோடு சேர்த்தே எழுத வேண்டும்.

பரப்பு கூடக்கூட வேலி சாதகமாகும். பத்து மீட்டர் இடைவெளியிலேயே ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 1,870 அடி, 200 கன்றுக்குக் கூண்டு 1,900 அடி. நீளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குக் கூண்டு, பெரிய தோப்புக்கு வேலி என்பது இதிலிருந்து கிடைக்கும் பொது விதி.

கூண்டின் விட்டத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. வலை கன்றை ஒட்டி இருந்தால் மான் கண்ணிவழியே நாக்கை நீட்டி இலையை இழுத்துவிடும். கடமான் பகுதியில் உயரம் ஆறடி. வலைக்குக் காசில்லாதவர்கள் இலந்தை முள்ளையும் கருவேல முள்ளையும் கன்றைச் சுற்றி அடைவது பழைய வழக்கம். காய்ந்து சரிந்ததும் மாற்றிக்கொண்டிருந்தால் அதுவும் காக்கும். கூண்டைக் கழற்றிய பிறகு, அடித்தண்டில் நாலடி உயரத்துக்கு வலைத்துண்டையோ பிளந்த பிவிசி குழாயையோ தளர்வாகச் சுற்றிவிட்டால் கொம்பு உரசலிலிருந்து பட்டை தப்பும்.

ஒட்டுக்கட்டு எங்கே இருக்கிறது என்பதை நடும்போதே கவனித்து, அதற்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்கு மேல் பச்சையே இல்லாத அளவுக்கு மேய்ந்த கன்றைப் பாசத்தோடு வளர்ப்பதைவிட மாற்றி நடுவது லாபம்.

வேலி என்றால் அடியைப் பாருங்கள்

வேலி போடும் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். புள்ளிமானால் ஐந்தடி தாவ முடியும். ஆனால் அது முதலில் தேடுவது அடியிலுள்ள இடைவெளியை. வரப்பு ஏறி இறங்கும் இடம், வாய்க்கால் குறுக்கிடும் இடம், பன்றி தோண்டிய பள்ளம் இவற்றின் வழியாகக் குனிந்து நுழைந்துவிடும். ஏழெட்டு அடி வேலி போட்டும் மான் வருகிறது என்பவர்கள், வேலியின் அடியோரமாக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வலையை மண்ணோடு ஒட்ட இழுத்துக்கட்டி, அடிக்கம்பியை முளையடித்து இறுக்குவது பாதி வெற்றி. கடமான் உள்ள இடத்தில் எட்டடி உயரம் வேண்டும்.

உயர வேலிக்கு வசதியில்லையென்றால் குட்டை வேலி இரண்டு. நான்கு ஐந்து அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று அதே அளவு இடைவெளி விட்டுப் போட்டால், உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துத் தாண்ட மான் துணிவதில்லை. நடுவில் கிடைக்கும் சந்தில் உயிர்வேலி வளர்க்கலாம். கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை நட்டுக் காத்தது அனுபவப்பட்ட முறை. களாவும் கொடுக்காப்புளியும் முள்ளோடு பழமும் தரும். கால்நடை வாய்வைக்காத ஆடாதொடையும் நொச்சியும் வரப்போரத்துக்கு ஏற்றவை. உயிர்வேலி அடர்ந்து வரச் சில ஆண்டுகள் ஆகும். கன்று நடும் நாளிலேயே அதையும் நட்டால்தான் பயன்.

தொளதொளவென்று கட்டிய நைலான் வலை வேண்டவே வேண்டாம். அதில் கொம்பு சிக்கி ஆண் மான் துடித்துச் செத்தால், பயிரைக் காக்கப் போனவர் வன வழக்கில் நிற்க நேரும்.

மின்சாரம்: எது வேலி, எது கொலை?

மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டுக் கம்பியில் நேரடியாக மின்சாரம் விடுவதை வேலி என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. ஆடு மேய்ப்பவர்களும் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும் இதே முறையில் இறந்திருக்கிறார்கள். சூரிய சக்தி மின்வேலி அப்படியல்ல. அதன் கருவி நொடிக்கு ஒருமுறை அளவில் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடிப்பு அனுப்பும். அதிர்ச்சி உண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை. இவற்றையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2023இல் விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய பகுதியில் புதிதாக அமைக்க முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

மானைப் பொறுத்தவரை மின்வேலிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ரோமம் மின்சாரத்தைத் தடுப்பதால், மூக்கோ நாக்கோ பட்டால்தான் அதற்கு உறைக்கும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் கம்பியில் அலுமினியத் தாளைச் சுற்றி அதில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிவைப்பது இதற்காகத்தான். ஒருமுறை நக்கிப் பார்த்த மான் அடுத்து நெருங்காது. கம்பியில் புல் உரசினால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். களையெடுக்க ஆளில்லாதவர் மின்வேலியை நம்பக் கூடாது.

சுருக்கு, அவுட்டுக்காய், விஷம் இவை எதற்கும் இங்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். சேதத்தைப் படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுப்பதே முறை. மனுக்கள் பதிவானால்தான் மான் சேதமும் அரசின் கணக்கில் ஏறும்.

காய்கறிக்கு மட்டும் நிரந்தரக் காவல்

கீரை, தட்டைப்பயறு, அவரை, வெண்டை ஒருநாளும் ஆறடி தாண்டாது. ஆகவே தோட்டம் முழுவதையும் வளைக்காமல், வீட்டை ஒட்டிய கால் ஏக்கரை மட்டும் உறுதியான வேலிக்குள் கொண்டுவந்து காய்கறியை அங்கே ஒதுக்குங்கள். கால் ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 420 அடிதான். வெளியே மஞ்சள், மிளகாய் போல மணமும் காரமும் உள்ளவற்றை வைக்கலாம். பசித்த மான் எதையும் ருசி பார்க்கும் என்பதால் இதையும் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கன்றுக்கும் சொட்டுநீருக்கும் மானியம் கேட்டு வாங்கும் நாம், காட்டோரக் கிராமங்களில் கன்றோடு கம்பிக்கூண்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி தோட்டக்கலைத் துறையிடம் கேட்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கைமாறும் கூண்டுகளை உழவர் குழுவே வாங்கி வாடகைக்கு விடலாம். எல்லாக் கன்றுக்கும் கூண்டு போடப் பணம் கையில் வராதவரை, நூறு கன்று நடும் இடத்தில் நாற்பதை நட்டு அந்த நாற்பதையும் கூண்டுக்குள் வளர்ப்பவரே முதலில் பழம் பறிப்பார்.