வில்லெடுத்துப் புறப்பட்ட குடும்பம்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கத்தில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. இத்தாலியிலிருந்து வந்து, தமிழ் கற்று, ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் தங்கியிருந்து தொண்டு செய்த ஊர் இது. இதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவரும் அவரே. இங்கே கோயில் கொண்டிருப்பவள் அடைக்கல மாதா. காவல் என்றும் அடைக்கலம் என்றும் பெயர் பெற்ற ஊரைச் சொல்லிவிட்டு, மான் வேட்டைக் கதையை ஆரம்பிப்பதா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுங்கள். இது வேட்டையில் தொடங்கிக் காவலில் முடிகிற கதை.

வில்லும் மானும் நமக்குப் புதியவை அல்ல. அரியலூரிலிருந்து மேற்கே போனால் பெரம்பலூர்; அதற்கு அப்பால் பச்சைமலை; அதையும் தாண்டினால் கொல்லிமலை. அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியை வீழ்த்தி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புறநானூற்றில் வன்பரணர் இந்த அதிசயத்தைப் பாடியிருக்கிறார். இன்றைக்கும் ஆடிப் பதினெட்டில் கொல்லிமலையில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். கண்ணப்ப நாயனாரோ, திண்ணன் என்ற பிள்ளைப் பெயரோடு வில்லேந்திக் கன்னி வேட்டைக்குப் போனபோதுதான் காளத்தியப்பரைக் கண்டார். முதல் வேட்டைக்குப் பிள்ளையை அனுப்புவது வேட்டுவர் குடும்பத்தில் கல்யாணம் போல ஒரு வைபவம்.

இவையெல்லாம் பழங்கதை. துப்பாக்கி வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில், படித்த குடும்பம் ஒன்று வேண்டுமென்றே வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் புறப்பட்டது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் நடந்தது இது.

வீட்டில் செய்த வில்

அந்தக் குடும்பத் தலைவர் பெயர் ஆல்டோ லியோபோல்டு. 1887-ல் பிறந்தவர். யேல் சர்வகலாசாலையில் வனவியல் படித்து, 1909-ல் வன இலாகா உத்தியோகத்தில் சேர்ந்தார். 1924-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மாடிசன் நகருக்குக் குடிவந்தார். அதன் பிறகுதான் அவருக்கு வில்லின் மேல் மோகம் பிடித்தது. கடையில் வாங்கிய வில் அல்ல. வீட்டிலேயே மரத்தைத் தேர்ந்து, இழைத்து, வளைத்து, நாணேற்றி, தாமே வில் செய்தார். அம்பும் அப்படியே.

ஐயா வில் செய்தால் அம்மா சும்மா இருப்பாரா? மனைவி எஸ்டெல்லா அம்மையாரும் வில் பிடிக்கக் கற்றார். கற்றதோடு நிற்கவில்லை. மாநில மகளிர் வில்வித்தைப் போட்டியில் முதலிடம் பெறும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார். குறி வைப்பதில் அம்மாவை மிஞ்ச அந்த வீட்டில் ஆளில்லை என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஐவர்: ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், எஸ்டெல்லா. கடைக்குட்டிக்குத் தாயின் பெயர்.

துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு? துப்பாக்கிக்காரன் வெகு தூரத்திலிருந்தே சுட்டுவிடலாம். வில்லாளி மானுக்கு முப்பது நாற்பது கஜத்துக்குள் போயாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சருகு எங்கே கிடக்கிறது, மான் எதைத் தின்கிறது, எந்த நிழலில் படுக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அத்தனையும் தெரிந்து அம்பை விட்டாலும், நாண் அதிரும் ஒலி கேட்ட மாத்திரத்தில் மான் துள்ளிவிடும். பத்துத் தடவை போனால் ஒன்பது தடவை வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஆனால் அந்த ஒன்பது தடவையும் காட்டைப் பற்றி ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும்.

கவிலான் ஆற்றங்கரையில்

1937-ஆம் வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸை ஒட்டி, லியோபோல்டு தம் தம்பி கார்லையும் மூத்த மகன் ஸ்டார்க்கரையும் அழைத்துக்கொண்டு மெக்ஸிகோ நாட்டின் மலைப்பிரதேசத்துக்குப் போனார். கவிலான் என்ற சிறு ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. முந்திய வருஷம் ஒரு நண்பரோடு போய்ப் பார்த்து மனம் பறிகொடுத்த இடம். இம்முறை குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அண்ணன், தம்பி, இருபத்து நான்கு வயதுப் பிள்ளை; தோளில் வில்.

அந்த மலைச்சரிவுகளில் பூர்வ குடிகள் எப்போதோ கல்லடுக்கிக் கட்டிய சின்னஞ்சிறு அணைகள் இருந்தன. ஓடை நீர் அடித்துவந்த மண் அவற்றின் பின்னால் தங்கி, தட்டுத் தட்டாய்த் தோட்டங்கள் ஆகியிருந்தன. கட்டியவர்கள் மறைந்துவிட்டார்கள், தோட்டங்கள் மான்களுக்குப் படுக்கையறை ஆகிவிட்டன. கவிலானில் ஒரு நாள், அப்படிப்பட்ட ஒரு தட்டில் படுத்திருந்த கலைமானை லியோபோல்டு பதுங்கிப் பதுங்கி நெருங்கினார். அம்பை விட்டார். அம்பு குறி தப்பி, பழங்குடிகள் வைத்த கல்லில் மோதிச் சிதறியது. மான் வெள்ளை வாலை ஆட்டி விடைபெற்றுக்கொண்டு சரிவில் பாய்ந்தோடிவிட்டது!

இதை அவர் தோல்வியாக எழுதவில்லை. ஆனந்தமாக எழுதி வைத்தார். இனி வரும் காலத்திலும் மான்கள் அங்கே படுக்க வேண்டும், வேட்டைக்காரர்கள் பதுங்கிவந்து குறி தவற வேண்டும், இந்தச் சுவரைக் கட்டியவர் யாரோ என்று வியக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

மலை சொன்ன பாடம்

அந்தப் பிரயாணத்தில் அவர் கண்ட பெரிய விஷயம் வேறு. கவிலான் பகுதியில் ஓநாயும் மலைச் சிங்கமும் அப்போது உயிரோடு இருந்தன. மானும் ஏராளமாக இருந்தது. ஆனாலும் புல் பசுமையாக இருந்தது; ஆறு தெளிந்து ஓடியது. எல்லைக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கத்தில், ஓநாயை ஒழித்துவிட்ட மலைகளில் மான் பெருகி, எட்டிய தழையெல்லாம் தின்று, கடைசியில் தானும் பட்டினி கிடந்தது.

லியோபோல்டுக்கு இது நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். 1909-ல் இளம் வன அதிகாரியாக இருந்தபோது, ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அதுவே வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நம்பி, ஒரு பெண் ஓநாயைச் சுட்டவர் அவர். அது சாகும்போது அதன் கண்ணில் அணைந்த பச்சை ஒளியை முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 1944-ல் எழுதிய கட்டுரையிலும் அவரால் மறக்க முடியவில்லை. தாம் அதுவரை பார்த்ததெல்லாம் நோயாளி நிலம், கவிலானில்தான் ஆரோக்கியமான நிலத்தைக் கண்டோம் என்று பின்னாளில் சொன்னார்.

1935-ல் வாங்கிய பாழடைந்த பண்ணை ஒன்றில் கோழிக்கொட்டகையைச் செப்பனிட்டு, வாரக் கடைசிகளில் குடும்பமாகத் தங்கி, ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டார்கள். 1948-ல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் அவர் காலமானார். மறு வருஷம் வெளிவந்த அவர் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. வில்லோடு கூடப் போன ஸ்டார்க்கர் வனவிலங்கு விஞ்ஞானியானார். பிள்ளைகள் ஐவருமே நிலத்தையும் நீரையும் உயிரினங்களையும் ஆராய்வதிலும் காப்பதிலும் ஈடுபட்டார்கள். ஸ்டார்க்கர் பிறகு கவிலானுக்கு மறுபடி போனார். லாரிப் பாதையும் மரம் வெட்டும் ஆட்களும் அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கு விடை சொல்லியே அவர் ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று.

நம் பக்கத்து மான்கள்

இனி நம் ஊருக்கு வாருங்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் குட்டை வற்றியதும் அவை தண்ணீர் தேடி வயல்வெளிக்கு வருகின்றன. சாலையில் வண்டி மோதுகிறது, தெருநாய்கள் துரத்துகின்றன, ஓடுகிற வேகத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகின்றன. மக்காச்சோளமும் பருத்தியும் போட்ட விவசாயிக்கும் மானால் நஷ்டம் உண்டு. அவருடைய குறையையும் கேட்கத்தான் வேண்டும்.

“அப்படியானால் நாமும் வில்லை எடுக்கலாமா?” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் துப்பாக்கியால் சுட்டாலும், அம்பால் எய்தாலும், கண்ணி வைத்துப் பிடித்தாலும் குற்றம். சிறைக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்காவின் பரந்த மலைக்காட்டுக் கணக்கு, வயல்களுக்கு நடுவே தீவு போல் மிஞ்சியிருக்கும் நம் சிறு காடுகளுக்குப் பொருந்தாது.

ஆனால் வில்லாளி கற்ற பாடத்தை வில் இல்லாமலே கற்கலாம். ஏலாக்குறிச்சிக்குப் போகிறவர்கள் குழந்தைகளோடு அப்படியே கரைவெட்டி ஏரிக்கும் போய் வாருங்கள். 1999-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற ஏரி அது. வயலுக்கு நீர் தரும் ஏரியில், கடல் கடந்து வரும் பறவைகள் குளிர்காலம் கழிக்கின்றன. பேசாமல், காற்று வீசும் திசை பார்த்து, அரை மணி நேரம் கரையில் உட்காரப் பழக்குங்கள். அதுவும் ஒரு வேட்டைதான். கண்ணால் ஆடும் வேட்டை.

காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணற்றைச் சுற்றி இடுப்புயரச் சுவர் எழுப்புங்கள். மனிதக் குழந்தைக்கும் அது காவல்தான். மான் கிணற்றில் விழுந்தாலோ, நாயிடம் சிக்கினாலோ, கூட்டம் கூடி அதை விரட்டாமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ உடனே சொல்லி அனுப்புங்கள். பயந்த மான், காயத்தைவிடப் பயத்தாலேயே இறந்துபோவதுண்டு. அவர்கள் வந்து சேரும் வரை நாய்களைக் கட்டிவைத்து, நாலு பேரை எட்ட நிறுத்தினால் போதும். பாதி உயிர் பிழைத்த மாதிரி.