`இந்த வயசுலேயே சுகரா?' - குழந்தைக்கு டைப் 1 நீரிழிவு... குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"இத்தனூண்டு பிள்ளைக்குச் சுகரா? சாக்லேட் நிறைய வாங்கிக் கொடுத்தீங்களோ?" - டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தையின் அம்மாக்கள் சலிக்கச் சலிக்கக் கேட்கும் கேள்வி இது. அஸ்தினாபுரம் மாதிரி, ஒரு வீட்டு விஷயம் தெருமுனை மளிகைக்கடை வரை போய்விடும் புறநகர்ப் பகுதிகளில் கேட்கவே வேண்டாம்.

சாக்லேட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால் வருவது டைப் 1 நீரிழிவு. இதில் பெற்றோரின் தவறு எதுவும் இல்லை.

அறிகுறிகள் என்ன?

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைப்பது... இவை இருந்தால் உடனே ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது சேர்ந்தால் அது அவசர நிலை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஏமாற்றும் `தேனிலவுக் காலம்'

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், சில குழந்தைகளுக்கு இன்சுலின் தேவை திடீரெனக் குறையும். கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் வேலை செய்வதே காரணம். மருத்துவர்கள் இதை `தேனிலவுக் காலம்' என்கிறார்கள்.

ஆபத்து இங்கேதான். யாரோ சொன்ன கஷாயத்தை அந்த நேரத்தில் கொடுத்திருந்தால், பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். `சரியாயிடுச்சு, இனி எதுக்குப் பிள்ளையைக் குத்தணும்' என்று ஊசியை நிறுத்தினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

இன்சுலினுக்கு முந்தைய காலத்தில், பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடுதான் ஒரே வழி. கனடாவின் டொரான்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சன் அப்படித்தான் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். 1922 ஜனவரி 11-ல் போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. சுத்திகரித்த மருந்தை ஜனவரி 23 முதல் கொடுத்ததும் தேறினான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று முறையான சிகிச்சை இருந்தால், படிப்பு, விளையாட்டு, வேலை, கல்யாணம் எதற்கும் தடையில்லை.

சமையலறையில்...

குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். இட்லி, சாம்பார், சாதம், கூட்டு என வீட்டுச் சாப்பாடே போதும். ஆனால், எத்தனை இட்லி, எவ்வளவு சாதம் என்ற கணக்கு முக்கியம். இன்சுலின் அளவு அதைப் பொறுத்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விடுவதும் ஆபத்தே.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, எரிச்சல், மயக்கம் வரலாம். உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு எத்தனை ஸ்பூன் என்பதை மருத்துவரிடம் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

வெயிலிலும் மழையிலும்...

திறக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீஸரில் கூடாது, உறைந்துபோன மருந்து பயன்படாது. கரன்ட் நீண்ட நேரம் போனால், ஈர மண்பானைக்குள் தண்ணீர் படாமல் வைக்கலாம். 2015 வெள்ளத்தைப் பார்த்த தாம்பரம் பகுதிக்காரர்கள், மழைக்காலத்துக்கு முன்பே கூடுதல் இன்சுலின் வாங்கி வைப்பது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

பள்ளியில் மறைக்காதீர்கள்!

`நாளைக்குப் பொண்ணு பார்க்க வருவாங்களே' என்று பயந்து பள்ளியில் சொல்லாமல் விடும் குடும்பங்கள் உண்டு. வகுப்பில் குழந்தை துவண்டு விழுந்தால், விஷயம் தெரிந்த ஆசிரியரால்தான் உடனே உதவ முடியும். சி.பி.எஸ்.இ 2017-லேயே இந்த மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுசெல்ல அனுமதித்தது. பள்ளிகளில் பரிசோதனைக்கும் ஊசிக்கும் இடம்தர வேண்டுமென 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது.

கடைசியாக ஒன்று... இரவு இரண்டு மணிக்கு எழுந்து விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அம்மாவின் வேலை மட்டுமல்ல. அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஊசி போடக் கற்றுக்கொள்ளட்டும். ஸ்கூல் ஆட்டோ அண்ணன் சட்டைப் பையிலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்!