பழைய பீங்கானுக்கு ஒரு புதிய வேலை



நம்மில் பலருடைய வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பீங்கானாவது இருக்கும். சோடி இழந்த சோசர், காது உடைந்த தேநீர்க் கோப்பை, விளிம்பு கழன்ற தட்டு என்று ஏதோ ஒன்று. எறிய மனம் வராது, பாவிக்கவும் யோசனையாக இருக்கும். அப்படியான பொருட்களுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டுவது எப்படி, உடைந்தவற்றை வேறொரு பொருளாக மாற்றுவது எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம்.

தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இந்தப் பாத்திரத்தில் இனி உணவு படப்போகிறதா, இல்லையா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது என் தாயாரின் குட்டிப் பீங்கான் ஒன்று.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவை நான் இங்கு விவரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அம்மாவின் பையில் சேலைகளுக்கு நடுவே அந்தப் பீங்கானும் இருந்தது. ஓரத்தில் சிவப்புப் பூவும் மஞ்சள் கோடும் போட்ட சிறிய தட்டு. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் ஜெர்சி சிட்டி வரை வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். பேத்தி பிறந்த பின்னர் அம்மா அதை வெளியே எடுத்தார். சோறும் பருப்பும் குழைத்து அதில்தான் தீத்துவார்.

பிள்ளைக்கு இரண்டு வயதுப் பரிசோதனை வந்தது. நியூ ஜெர்சியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். பரிசோதனையின்போது வைத்தியர், "வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பீங்கான் பாத்திரம் ஏதும் பாவிக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நல்ல வேளையாகப் பிள்ளையின் இரத்தத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் கடையில் விற்கும் ஈயப் பரிசோதனைக் குச்சியை அந்தத் தட்டின் பூவில் தேய்த்துப் பார்த்தபோது அது சிவந்துவிட்டது.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "இதிலைதானே உங்கள் எல்லாருக்கும் சோறு தீத்தினனான். நீங்கள் வளரேல்லையோ?" என்று கேட்டார். அவரிடம் அன்று என்னால் ஒழுங்காக விளக்க முடியவில்லை. இன்று உங்களுக்கு விளக்க முயல்கிறேன்.

பீங்கானின் மேலே நாம் காணும் பளபளப்பு, உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலம். ஆங்கிலத்தில் கிளேஸ் என்பார்கள். முற்காலத்தில் அந்தக் கண்ணாடி இலகுவில் உருக வேண்டும், நன்றாக மினுங்க வேண்டும் என்பதற்காக அதில் ஈயம் சேர்த்தார்கள். சில சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் வண்ணங்களிலும் ஈயமோ கட்மியமோ இருந்தது. சூளையில் சரியான வெப்பத்தில் சுட்டிருந்தால் ஈயத்தின் பெரும்பகுதி கண்ணாடியோடு பிணைந்துவிடும். சூடு போதாவிட்டாலும், நாட்பட்டுப் பூச்சு தேய்ந்தாலும், மயிர்க்கோடு போல வெடிப்பு விட்டாலும், அது உணவில் கசியலாம். புளிப்பும் சூடும் அதை விரைவாகக் கரைக்கும். நமது சமையலோ பழப்புளி, தேசிக்காய், ரசம், ஊறுகாய் என்று புளிப்பில் நிற்பது. அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர்.

ஈயம் பெரியவர்களுக்கும் கேடுதான், என்றாலும் வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு பெரிது. பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கவனிக்க வேண்டிய அளவை ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே பாதிப்பு நடக்கலாம். ஆகவே "நாங்கள் வளரவில்லையா" என்ற கேள்விக்கு, "வளர்ந்தோம், ஆனால் எதை இழந்து வளர்ந்தோம் என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை" என்பதுதான் பதில்.

எல்லாப் பழைய பீங்கானும் நஞ்சு என்று பயப்பட வேண்டாம். ஆனால் பார்வையால் நல்லது கெட்டதை அறிய முடியாது. பரிசோதனைக் குச்சி சிவந்தால் ஈயம் இருக்கிறது என்று கொள்ளலாம். சிவக்காவிட்டால் பாத்திரம் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது, குறைந்த அளவை அது காட்டாமல் விடலாம். எனவே எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வரலாறு தெரியாத, பூச்சு வெடித்த, உட்புறத்தில் வண்ணப்பூப் போட்ட பழைய பாத்திரம் எதுவும் சாப்பாட்டு மேசைக்கு வராது. அதன் மேல் புதிய வண்ணம் பூசிச் சரிக்கட்டவும் முடியாது, ஏனென்றால் வீட்டில் நாம் பூசும் வண்ணம் கீழே உள்ள ஈயத்தை அடைத்து வைக்காது.

இனி வண்ணம் தீட்டும் வேலைக்கு வருவோம். நாம் குடியிருக்கும் இந்த நகரமே ஒரு காலத்தில் பீங்கானுக்குப் பெயர் பெற்றது என்பது பலருக்குத் தெரியாது. 1825இல் இங்கே, இன்றைய பவுலஸ் ஹூக் பகுதியில், ஜெர்சி போர்சலின் அன்ட் எர்தன்வெயார் கம்பனி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்திடம் வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னர் டேவிட் ஹென்டர்சன் அந்த ஆலையை எடுத்து நடத்தினார். அச்சிட்ட படத்தைப் பாத்திரத்தில் பதிக்கும் ஆங்கிலேய முறையை அமெரிக்காவில் முதலில் கையாண்டவர்களில் அவருடைய ஆலையும் ஒன்று. பிற்காலத்தில் அதே ஆலை, மற்றவர்கள் வண்ணம் தீட்டுவதற்கென வெறும் வெள்ளைப் பாத்திரங்களையும் செய்து விற்றது. 1892இல் அது மறைந்தது.

அன்று பீங்கானுக்கு வண்ணம் தீட்டியவர்கள் அதை மறுபடி சூளையில் சுட்டார்கள். ஏறத்தாழ 700 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வண்ணம் உருகிக் கண்ணாடிப் படலத்தோடு கலந்துவிடும். நமது குசினி ஓவனில் 150 அல்லது 175 பாகையில் வண்ணம் இறுகுமே தவிரக் கண்ணாடியோடு கலக்காது. தேய்த்தால் தேயும், சுரண்டினால் உரியும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தால் செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும்.

முதலில் வெள்ளைக் கோப்பை அல்லது தட்டு ஒன்றை எடுங்கள். உணவுக்குப் பாவிக்கப்போவதானால் அண்மைக்காலத்தில் உணவுப் பாத்திரமாகவே விற்கப்பட்டதாக இருக்கட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, ரப்பிங் அல்கஹோல் தொட்ட பஞ்சினால் துடையுங்கள். அதன் பின் வண்ணம் தீட்டும் இடத்தில் விரல் படக்கூடாது, கையிலுள்ள எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.

வண்ணம் வாங்கும்போது கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் உரியது என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். நான் முதன்முறை பிள்ளைகளின் சாதாரண அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினேன். மூன்றாம் நாள் கழுவும்போது பூ முழுவதும் தோலாக உரிந்து கையோடு வந்துவிட்டது. இன்னுமொன்று, "நஞ்சற்றது" என்று எழுதியிருப்பதற்கு "உணவு படலாம்" என்பது பொருள் அல்ல. எனவே கோப்பையின் உட்புறத்திலும், வாய் படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வரையிலும் தீட்ட வேண்டாம். தட்டானால் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் தீட்டுங்கள்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு மாதிரி வரைவது கடினமல்ல. தூரிகையின் பின்முனையை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி இழை இழுத்தால் போதும். தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும் மெல்லியதாக இருமுறை பூசுவது நல்லது. பிழை விட்டால் காயும் முன்னர் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம்.

ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பின்னரே ஓவனில் வையுங்கள். ஓவன் குளிராக இருக்கும்போதே பாத்திரத்தை உள்ளே வைத்துப் பின்னர் சூடேற்ற வேண்டும். திடீரென்று சூடு பட்டால் பீங்கான் வெடிக்கும். உதாரணமாக, பெபேயோ நிறுவனத்தின் போர்சலின் 150 என்ற வண்ணத்துக்கு 150 பாகை செல்சியஸில், அதாவது நமது ஓவனில் 300 பாகையில், 35 நிமிடம் வேண்டும். வேறு வண்ணங்களுக்கு வேறு கணக்கு, போத்தலில் உள்ளபடி செய்யுங்கள். சூடு அந்த அளவை எட்டிய பின்னர்தான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். முடிந்ததும் ஓவனை நிறுத்தி, உள்ளேயே ஆறவிடுங்கள். யன்னலைத் திறந்து வைப்பது நல்லது. பிறகு கையால் மென்மையாகக் கழுவிப் பாவிக்கலாம்.

உடைந்துபோன பீங்கானை என்ன செய்வது? இந்தியாவின் சண்டிகரில் நெக் சந்த் என்றொரு வீதிப் பரிசோதகர் இருந்தார். 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பக்கமாகிப்போன தன் கிராமத்தை விட்டு வந்த அகதி. புதிய நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் கழிவுகளை, உடைந்த கோப்பை, வளையல், ஓடு என்று பொறுக்கிச் சேர்த்து, 1957 முதல் ஒரு காட்டுப் பள்ளத்தில் எவருக்கும் தெரியாமல் சிலைகள் செய்தார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று ராக் கார்டன் என்று உலகறிந்த இடம்.

நமக்கு ஒரு பூச்சாடி போதும். மாரியில் யன்னலோரம் உள்ளே கொண்டுவந்து வைக்கும் கறிவேப்பிலைச் சாடி பலரிடம் இருக்கும். உடைந்த பீங்கானைப் பழைய துவாயில் சுற்றி, மேலே மெதுவாகச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் கட்டாயம். பீங்கான் தூசு நுரையீரலுக்குக் கூடாது, ஆகவே துண்டுகளை நனைத்து வைத்து, மேசையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாடியின் வெளிப்புறத்தில் மட்டும் தரையோடு ஒட்டும் பசையால் துண்டுகளைப் பதித்து, ஒரு நாள் விட்டு, இடைவெளிகளைக் கிறவுட் கலவையால் நிரப்பித் துடைத்துவிடலாம். பிள்ளைகள் துண்டு பொறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், எங்கே எது வருவது என்று அவர்கள் சொல்லட்டும். ஈயம் இருக்கிறதென்று சந்தேகப்படும் பீங்கானை மட்டும் உடைக்கவே கூடாது. தூசாகப் பரவும்.

அம்மாவின் தட்டை நாங்கள் உடைக்கவில்லை, அதன் மேல் வண்ணமும் பூசவில்லை. கம்பித் தாங்கியில் கொழுவி, சுவரில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினோம். பிறகு அம்மாவையே இருத்தி, புதிய வெள்ளைக் கோப்பை ஒன்றின் வெளிப்புறத்தில் அதே சிவப்புப் பூவை வரையச் சொன்னேன். கை நடுங்கியது, இதழ்கள் கோணலாக வந்தன. அல்கஹோலால் துடைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அவள் கண்டுபிடிப்பாள்" என்றார்.

பேத்தி இப்போது அந்தக் கோப்பையில்தான் பால் குடிக்கிறாள். குடித்து முடித்துவிட்டு, சுவரிலுள்ள தட்டைக் காட்டி, "அம்மம்மா, அந்தப் பூ" என்கிறாள். அம்மா நாவற்குழிப் பாலத்திலிருந்து கதையைத் தொடங்குவார்.

உங்கள் அலுமாரியிலுள்ள பீங்கானையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.