எறியும் கையும் அறுந்த நாரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கசார்வாடி ரயிலடிக்கு அருகில் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர், தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். பையனுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் ஈட்டி எறிவதில் அவனே முதல்வன். அந்த ஈட்டியைக் கொண்டே ரயில்வேயிலோ பட்டாளத்திலோ ஓர் உத்தியோகம் பெற்றுவிடலாம் என்பது தகப்பனாரின் நெடுநாளைய கனவு. விளையாட்டு வீரர்களுக்கென்று ரயில்வேயில் தனியே வேலை ஒதுக்கீடு உண்டு என்பதை ரயில்வே குமாஸ்தாவாகிய நாமே அவருக்கு முன்பொரு நாள் சொல்லியிருந்தோம். ஆகவே அந்தக் கனவில் நமக்கும் பங்கு உண்டு.

பையன் வலது முழங்கையின் உட்புறத்தைத் தடவிக்கொண்டே நின்றான். இரண்டு மாதமாக வலி. தேர்வுப் போட்டி நெருங்குகிறதே என்று முதல் மாதம் முழுவதும் வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறான். பிறகு தாயார் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். அண்டை வீட்டார் சொற்படி ஒருவரிடம் சென்று, கையை இழுத்து நீவிக் கட்டும் போட்டார்கள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

“தம்பி, அமெரிக்காவிலே அறுந்த நரம்புக்குப் பதிலாக வேறு நரம்பு வைத்துத் தைக்கிறார்களாமே! அந்த ஆபரேஷன் செய்துகொண்டால் முன்னைக் காட்டிலும் வேகமாக எறியலாம் என்கிறான் இவன். பி.எப். பணத்தில் கடன் எடுத்துச் செய்துவிடலாமா?” என்று கேட்டார் அன்பர்.

“அண்ணாச்சி, முதலில் ஈட்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுவோம். மற்றதைப் பிறகு பேசுவோம்” என்றோம். அதன்பின் மருத்துவரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை, விளையாடும் பிள்ளைகளை உடைய எல்லாக் குடும்பங்களின் பொருட்டும் இங்கே எழுதுகிறோம்.

நாரும் நரம்பும்

நாம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்கிறோம். மூளையின் செய்தியைக் கொண்டு செல்வதுதான் நரம்பு. தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைத்து மூட்டு விலகாமல் காப்பது பிணைநார். சச்சின் டெண்டுல்கர் 2005-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் இடது முழங்கைக்குச் சிகிச்சை செய்துகொண்டது தசைநாண் சம்பந்தமான ‘டென்னிஸ் எல்போ’ என்னும் நோய்க்காக. அது வேறு, நாம் இங்கே பேச வந்தது பிணைநாரைப் பற்றி.

முழங்கையின் உட்புறத்தில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்து ஒரு சிறு நார் இருக்கிறது. ஒருவன் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வேகமாக முன்னே வீசும்போது, முழங்கையின் உட்புறம் பிளப்பது போல விரிகிறது, வெளிப்புறம் நெருக்குண்கிறது. அந்த விரிவைத் தடுத்து நிறுத்துவது இந்த நாரே. வேகமான ஒவ்வொரு எறியிலும் அது தான் தாங்கக்கூடிய எல்லையை நெருங்குகிறது. சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் அறாமல் தப்புகிறது. தசைகள் களைத்த பின்பும் எறிந்துகொண்டே இருந்தால் முழுப் பாரமும் நாரின் மேல் விழும். நார் நைந்து, ஒரு நாள் அறும்.

இந்தக் காயத்தை மருத்துவ உலகம் முதலில் கண்டறிந்தது ஈட்டி வீரர்களிடத்தில்தான். ஈட்டி எறிதலுக்குப் பெயர் பெற்ற பின்லாந்து நாட்டில், வாரிஸ் என்னும் மருத்துவர் 1946-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அறுந்த நாரைப் புதுப்பிக்கும் வழி தெரிய மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

1974-இல் நடந்தது

டாமி ஜான் என்பவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் பேஸ்பால் பந்து எறிபவர், இடக்கைக்காரர். 1974 ஜூலை 17-ந் தேதி ஆட்டத்தின் நடுவே அவரது முழங்கை நார் அறுந்தது. அந்நாட்களில் அது அறுந்தால் எறிபவரின் தொழில் முடிந்தது என்று பொருள். அணியின் மருத்துவரான பிராங்க் ஜோப், வேறொரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் நாராகப் பொருத்திப் பார்க்கலாம் என்றார். பலிப்பதற்கு நூற்றுக்கு ஒரு பங்கே வாய்ப்பு என்றும் ஒளிக்காமல் சொன்னார். டாமி ஜான் சம்மதித்தார். செப்டம்பர் 25-ந் தேதி சிகிச்சை நடந்தது.

இதற்கு எடுக்கப்படும் தசைநாணை வாசகர்கள் தங்கள் கையிலேயே காணலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து, மணிக்கட்டைச் சற்றே உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு போலப் புடைத்து நிற்பதுதான் அது. சிலருக்கு அது பிறவியிலேயே இராது. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகையால்தான் அதை எடுத்துவிட்டாலும் கைக்கு நட்டமில்லை. அது இல்லாதவர்களுக்குத் தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுக்கிறார்கள்.

டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து அதை எடுத்த ஜோப், இடது முழங்கையின் இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, 8 என்னும் எண்ணின் வடிவில் அதைக் கோத்துக் கட்டினார். துன்பம் அத்துடன் தீரவில்லை. சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு முழங்கையின் பின்புறமாகவே போகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அதுதான். அந்த நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போகவே, அதே ஆண்டு இறுதியில் இரண்டாம் முறையும் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. 1975-ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. 1976-இல் திரும்பி வந்தவர் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பின்னர் வந்தவை. இன்றும் அச்சிகிச்சைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஜோப் 1986-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில், பதினாறு வீரர்களில் பத்துப் பேர் பழைய நிலையை அடைந்ததாகக் கூறினார். பின்னர் முறைகள் திருந்தின. முதலில் தசையை எலும்பிலிருந்து பெயர்த்து வழி செய்தார்கள்; இப்போது தசையின் இழைகளைப் பிளந்து விலக்கியே உள்ளே செல்கிறார்கள். நரம்பை இடம் மாற்றுவதும் தேவைப்பட்டால் மட்டுமே. நியூயார்க் மருத்துவர் டேவிட் ஆல்ட்செக் வகுத்த முறையில், மேல்கை எலும்பில் பல துளைகளுக்குப் பதிலாக ஒரே குழியிட்டு, நாரின் முனைகளை அதனுள் இறக்கி, தையல் நூலால் எலும்பின் மேல் முடிச்சிடுகிறார்கள். 2013-இல் ஜெப்ரி டுகாஸ் என்பவர், நார் ஒரு முனையில் மட்டும் பிய்ந்து மற்றப் பகுதி நன்றாக இருந்தால், அதையே தைத்து, உறுதியான நாடா ஒன்றால் தாங்கு கொடுக்கும் முறையைத் தொடங்கினார். இதில் பல வீரர்கள் ஏறத்தாழ ஆறு மாதத்தில் எறியத் தொடங்குகிறார்கள்.

புது நார் பொருத்தினாலோ ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பொருத்திய தசைநாணுக்குள் புதிய ரத்தக் குழாய்கள் ஊடுருவி, அது மெல்ல மெல்ல நாராக மாற அத்தனை காலம் ஆகிறது. அவசரத்திற்கு அங்கே இடமில்லை.

புனே அறிந்த ஒரு கை

நம் கசார்வாடியில் லோக்கல் ரயிலேறிப் புனே சென்றால், அங்கே ராணுவ விளையாட்டு நிறுவனத்தில் நீரஜ் சோப்ராவின் பெயர் தாங்கிய மைதானம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அப்பெயர் சூட்டப்பட்டது. அந்த ஈட்டி வீரரின் வலது முழங்கைக்கு 2019 மே 3-ந் தேதி மும்பையில் டாக்டர் தின்ஷா பார்டிவாலா சிகிச்சை செய்தார். அது நார் மாற்றும் சிகிச்சையன்று. மூட்டில் கிடந்த எலும்புத் துணுக்குகளை அகற்றும் சிகிச்சை. ஓயாது எறியும் கைகளுக்கு நேரும் துன்பங்களில் அதுவும் ஒன்று. அவ்வாண்டின் உலகப் போட்டியை அவர் இழந்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021-இல் டோக்கியோவில் 87.58 மீட்டரில் தங்கம் வென்றார். 90 மீட்டரை முதன்முதலாகக் கடந்தது 2025 மே மாதத்தில், அதாவது சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

இதைக் கேட்டு, “பார்த்தீர்களா, ஆபரேஷன்தான் கையை வலுவாக்கியது” என்றான் பையன். அங்கேதான் தவறு. சிகிச்சை கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. வலுச் சேர்ப்பது பிறகு மாதக்கணக்காகச் செய்யும் பயிற்சி. அப்பயிற்சியை நல்ல கையோடும் செய்யலாம்.

சிறுவர்களின் முழங்கை

மருத்துவர் பையனின் கையை மடக்கியும் பக்கவாட்டில் மெல்ல அழுத்தியும் பார்த்தார். இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். “நார் நன்றாகவே இருக்கிறது” என்றார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. அது நாரைவிட மென்மையானது. பெரியவர்களுக்கு நார் அறும் இடத்தில், சிறுவர்களுக்குக் குருத்தெலும்பு பிரியத் தொடங்குகிறது. பையனுக்கு அதுதான் தொடக்க நிலையில் இருந்தது. கத்தி வேண்டியதில்லை, மூன்று மாதம் எறியக்கூடாது. இழுப்பதும் நீவுவதும் அறவே கூடாது. அசட்டை செய்திருந்தால் எலும்புத் துண்டு முற்றிலும் பெயர்ந்திருக்கக்கூடும் என்றும் எச்சரித்தார்.

தேர்வுப் போட்டி போயிற்று. பையன் மருத்துவர் முன்னிலையிலேயே அழுதான். தகப்பனார் அவன் தோளைத் தொட்டு, “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா” என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. கனவை விதைத்தவர்களில் ஒருவராகிய நமக்கும் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. ஒதுக்கீட்டைப் பற்றிச் சொன்னபோதே, வலித்தால் மறைக்காதே என்றும் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எறியும்போது முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றே எறிவதை நிறுத்த வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, கை முழுதும் நீளாவிட்டாலோ, ‘டப்’பென்ற ஓசையுடன் வலி எழுந்தாலோ தாமதமின்றி எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நார் பாதி கிழிந்தவர்களிலும் பலர் ஓய்வாலும் பயிற்சியாலும் தேறுகிறார்கள். சிகிச்சை வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இப்போது பையன் நாள்தோறும் காலையில் ஓடுகிறான். எறியின் பலம் காலிலும் இடுப்பிலும் தொடங்குகிறது என்று மருத்துவர் சொன்னதை அவன் பிடித்துக்கொண்டான். ஈட்டி அவர்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து வாரம் மீதி.