வீட்டு வரியைக் குறைக்க ஓர் எக்செல் ஷீட்

மாதச் செலவு, வங்கிக் கடன் தவணை, பிள்ளைகளின் மதிப்பெண் என்று எத்தனையோ வேலைகளுக்கு எக்செல் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆண்டு தவறாமல் கட்டுகிற வீட்டு வரி சரியான தொகைதானா என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம்? ரசீதில் போட்ட தொகையைக் கட்டுகிறோம். அல்லது அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம்.

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்துக்கு நான் போயிருந்தபோது மாமா ஒரு ரசீதை நீட்டினார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறே. வரி கூடுதலா வருதான்னு கொஞ்சம் பாரேன்." ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டேப், ஒரு எக்செல் ஷீட். இவ்வளவுதான் தேவைப்பட்டது. அதை நீங்களும் செய்யலாம்.

வரி எப்படி வருகிறது?

பெரியபட்டினம் திருப்புல்லாணி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, அதன் கீழ் வந்த 1999-ஆம் ஆண்டின் வரி மதிப்பீடு மற்றும் வசூல் விதிகள் ஆகியவற்றின்படி இங்கே வீட்டு வரி விதிக்கப்படுகிறது. கட்டடம் கான்கிரீட்டா, ஓடா, கூரையா என்ற வகையும் அதன் பரப்பும்தான் கணக்கில் முக்கியம். இந்த வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேரும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் பாணியில் சொன்னால், இது ஒரு சின்ன ஃபார்முலா. வரி வீதத்தை நீங்கள் தனியாளாக மாற்ற முடியாது. ஆனால் ஃபார்முலாவுக்குள் போகிற பரப்பு, கட்டட வகை, பயன்பாடு ஆகிய விவரங்கள் தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். உள்ளே போகும் தகவல் தவறென்றால் வெளியே வரும் விடையும் தவறுதானே!

முதல் வேலை: பதிவைப் பெறுங்கள்

ரசீதில் பெரும்பாலும் தொகை மட்டுமே இருக்கும். உங்கள் வீட்டுக்கு எத்தனை சதுர அடி, எந்த வகைக் கட்டடம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை ஊராட்சி அலுவலகத்தின் வரிவிதிப்புப் பதிவில்தான் பார்க்க வேண்டும். ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மாமா வீட்டுக்குப் பதிவில் இருந்த பரப்பு 1,240 சதுர அடி.

இரண்டாவது வேலை: அளந்து ஷீட்டில் ஏற்றுங்கள்

எக்செல் இல்லாவிட்டால் இலவச லிப்ரே ஆபீஸ் போதும். செல்போனில் கூகுள் ஷீட்ஸும் போதும். கீழ்க்கண்ட தலைப்புகளில் பத்திகளை அமைத்துக்கொள்ளுங்கள்: பகுதியின் பெயர், நீளம் அடி, நீளம் அங்குலம், அகலம் அடி, அகலம் அங்குலம், பரப்பு. வீடு நேர்செவ்வகமாக இல்லை என்றால் இரண்டு மூன்று செவ்வகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை கொடுங்கள். மாடிக்குத் தனி வரிசை. கடைசியில் ஆட்டோசம் பட்டனை க்ளிக் செய்தால் மொத்தப் பரப்பு வந்துவிடும்.

இதில் மூன்று பள்ளங்கள் உண்டு. முதல் இரண்டிலும் நானே விழுந்தேன்.

1. அங்குலத்தைப் புள்ளி போட்டு டைப் செய்யாதீர்கள். 11 அடி 9 அங்குலம் என்பது 11.9 அல்ல, 11.75. அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியோடு கூட்ட வேண்டும். இதற்காகத்தான் அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிப் பத்திகள்.

2. உள் அளவையும் வெளி அளவையும் கலக்காதீர்கள். நான் முதலில் வீட்டின் உள்பக்கம் அளந்தேன். 28 அடி 6 அங்குலத்துக்கு 34 அடி 6 அங்குலம். பரப்பு 983 சதுர அடி. "மாமா, 257 சதுர அடி அதிகமாகப் போட்டிருக்கிறார்கள்" என்று துள்ளினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, கட்டடப் பரப்பு என்றால் சுவரையும் சேர்த்து வெளியே அளப்பது. வெளி அளவு 30 அடிக்கு 36 அடி. அதாவது 1,080 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவர் மட்டும் 97 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது!

3. வரைபடம் சதுர மீட்டரில் இருந்தால் 10.764-ஆல் பெருக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

காணாமல் போன 160 சதுர அடி

பதிவில் 1,240. வெளி அளவு 1,080. மீதி 160 எங்கே? மாமாதான் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பின்னால் 16 அடிக்கு 10 அடியில் ஒரு கான்கிரீட் அறை இருந்தது. கடற்கரை ஊர் அல்லவா, உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று பயந்து இடித்துவிட்டார்கள். இடித்ததை எழுத்தில் யாரும் தெரிவிக்கவில்லை. ஆகவே இல்லாத அறைக்கும் வரி போய்க்கொண்டே இருந்தது. தவறு எங்களுடையதுதான்.

1,240-இல் 160 என்றால் ஏறத்தாழ 13 சதவீதம். கணக்கு சதுர அடிக்கு என்பதால் வரியும் அதே அளவு குறையும். அதோடு நூலக வரியும் குறையும். தொகை பெரிதில்லைதான். ஆனால் ஆண்டுதோறும் போகிற காசு அல்லவா?

மூன்றாவது வேலை: மனு

ஷீட்டை ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுங்கள். அதோடு வரிவிதிப்பு எண், கடைசி ரசீது, இடித்த இடத்தின் போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். ஊராட்சித் தலைவருக்கு, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவருக்கு, மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "வரி அதிகம், குறைக்கவும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. "பதிவில் 1,240, அளவில் 1,080, வித்தியாசம் 160, காரணம் இது, நேரில் அளந்து திருத்தவும்" என்று எழுதுங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வந்து அளந்தார்கள், திருத்தினார்கள்.

பதில் இல்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம், 1100 என்ற முதல்வர் உதவி எண் ஆகிய வழிகள் உள்ளன. ஊர் முழுவதற்குமான வரி வீதம் பற்றிப் பேச வேண்டுமானால் அதற்கு இடம் கிராம சபை.

கீழக்கரை, ராமேஸ்வரத்தில் வீடு இருந்தால்...

இவை நகராட்சிகள்; கணக்கு வேறு. 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, சென்னை தவிர்த்த நகர்ப்புறங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வைத்தார்கள். 1,190 சதுர அடி வீடு தவறுதலாக 1,210 என்று பதிவாகியிருந்தால் என்ன ஆகும்? இருபது சதுர அடிக்காக உயர்வு 50-இலிருந்து 75 சதவீதத்துக்குத் தாவிவிடும். அளந்து பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம்.

இன்னொரு வழி, தேதி. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளில் அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்ச வரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு வரி 2,400 என்றால் 120 ரூபாய் மிச்சம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. செல்போன் காலண்டரில் இரண்டு தேதிகளுக்கும் அலாரம் வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

வளைகுடாவில் இருந்துகொண்டே ஊர் வரியைக் கட்டலாம். கிராம ஊராட்சிகளுக்கான இணைய வரித் தளத்தை ஊரக வளர்ச்சித் துறை நடத்துகிறது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வரிவிதிப்பு எண் கொடுத்தால் பாக்கி தெரியும். முகவரி அரசுத் தளங்களுக்குரிய ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். ரசீதை பி.டி.எஃப்.பாகச் சேமித்து வையுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த ரசீதுக்கு இன்னொரு பயனும் உண்டு. உரிமையாளர் தானே கட்டிய உள்ளாட்சி வரியை, கட்டிய நிதியாண்டின் வாடகை வருமானத்திலிருந்து கழித்த பிறகே வருமான வரி கணக்கிடப்படும்.

கடைசியாக ஒன்று. அளந்து பார்க்கும்போது உங்கள் வீட்டின் பரப்பு பதிவில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் வரலாம். தெருவிளக்கும் குடிநீரும் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவதே நல்லது. சரியான வரியைக் கட்டுவதுதான் நம் நோக்கம். கணக்கு கையில் இருந்தால் யாரிடமும் தயங்காமல் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே டேப்பை எடுங்கள்!