துறைமுகத்தில் ஒரு பாய்க்கலம்

சிறியதொரு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வருபவரைப் பற்றிக் கேள்வியுறும்போது, புயலும் பேரலையுமே நமது மனக்கண்முன் தோன்றுகின்றன. நங்கூரம் இட்டுத் துறைமுகத்திலே தங்கும் நாள்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை ஓய்வு நாள்கள் என்றே கரையில் நிற்பவர் கருதுவர். உண்மை அதுவன்று. அடுத்த கடலைக் கடப்பதற்கு வேண்டிய வலிமை துறைமுகத்திலேதான் தேடப்படுகின்றது. அங்கே ஏற்படும் சிறு கவனக்குறைவும் உயிருக்கு உலை வைத்துவிடக் கூடும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது யோசுவா சிலோக்கம் என்னும் மாலுமியின் வரலாறு.

கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் 1844ஆம் ஆண்டு பிறந்த சிலோக்கம், தன்னந்தனியே பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர். அவருடைய கலத்தின் பெயர் ‘ஸ்பிரே’. நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். வயல் ஒன்றிலே கைவிடப்பட்டுக் கிடந்த பழங்கலத்தை, 13 மாதங்கள் உழைத்து அவரே புதுப்பித்துக்கொண்டார். 1895 ஏப்பிரல் 24ஆம் திகதி அமெரிக்காவிலுள்ள பொஸ்தன் நகரிலிருந்து புறப்பட்ட அவர், 1897 யூலை 17ஆம் திகதி இந்து சமுத்திரத்திலுள்ள கீலிங் கொக்கோஸ் தீவுகளை அடைந்தார்.

இலங்கைக்குத் தென்கிழக்கே, நெடுந்தொலைவில், நடுக்கடலில் அமைந்தவை அத்தீவுகள். முருகைக்கற்பார் வளையமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே அமைதியான களப்பு ஒன்று உண்டு. கரையெங்கும் தென்னை மரங்கள். அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் மலாய் மக்கள்.

அவுஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்துள்ள வியாழத் தீவிலிருந்து கீலிங்கை அடைய ‘ஸ்பிரே’ 23 நாள்கள் எடுத்தது. அத்தனை நாள்களிலும் சிலோக்கம் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படவில்லை. சுக்கானைக் கயிற்றாற் கட்டிவிட்டால், கலம் காற்றுக்கு இசைய நேரே ஓடிக்கொண்டிருந்தது. கடலிலே கலம் மனிதனைச் சுமந்தது. துறையிலோ மனிதன் கலத்தைப் பேண வேண்டும்.

பாய்க்கலத்தின் துறைமுக வாழ்வில் வேலைக்கு முடிவில்லை. நனைந்த பாய்களை விரித்து உலர்த்தாவிடின் அவை பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். கிழிந்த மூட்டுகளைத் தைக்க வேண்டும். தேய்ந்த கயிறுகளை மாற்ற வேண்டும். குடிநீர்ப் பீப்பாய்களைக் கழுவி நிரப்ப வேண்டும். நீர் பெருகும்போது கலத்தை மணற்கரைக்குக் கொண்டுவந்து, நீர் வற்றியதும் அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள பாசியையும் சிப்பியையும் சுரண்டுவர். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அணுகாதிருக்கச் செம்பு கலந்த வர்ணம் பூசுவர். மீண்டும் நீர் பெருகுமுன் இவ்வளவும் முடிந்தாக வேண்டும். இரவிலும் காற்றுத் திசை மாறினால், நங்கூரம் பிடித்திருக்கின்றதா என்று எழுந்து பார்க்க வேண்டும்.

துறைமுகம் மனித உறவையும் தருகின்றது. கீலிங்கிலே ‘ஸ்பிரே’யைப் பார்க்கச் சிறுவர் கூடினர். சிலோக்கம் பழப்பாகை உண்பதைக் கண்டதும், கப்பற்காரர் தார் தின்கிறார் என்று கூவிக்கொண்டு ஓடிவிட்டனர். பின்பு அந்தத் ‘தார்’ இனிப்பானது என்பதை அறிந்துகொண்டார்கள். அவரும் விசுக்கோத்திலே அதைத் தடித்துப் பூசிக் கொடுத்தார். பல நாள்கள் மனித முகத்தையே காணாதவருக்கு அக்குழந்தைகளின் கூட்டம் எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

ஆனால், இந்த அமைதியான களப்பிலேதான் அவருக்குப் பேராபத்து நேர்ந்தது. கலம் கவிழாதிருக்க அதன் அடியில் ஏற்றியிருந்த சீமெந்துப் பாரத்துக்குப் பதிலாக, அத்தீவிற் கிடைக்கும் மிகப் பெரிய சிப்பிகளை ஏற்ற அவர் எண்ணினார். அவற்றைத் தேடும் முயற்சியில், ஆபிரிக்கர் ஒருவருடன் பழைய வள்ளமொன்றில் ஏறிக் களப்பைக் கடந்தார். அதன் பாயோ உளுத்துப்போனது. நடுவழியில் வீசிய காற்று அப்பாயைப் பிய்த்தெறிந்துவிட்டது. வள்ளம் திறந்த கடலை நோக்கி அள்ளுண்டது. தேடிப் பார்த்தால், துடுப்பு ஒன்றேனும் இல்லை. நங்கூரம் இருந்தது, அதைக் கட்டப் போதிய கயிறு இல்லை. குடிக்க ஒரு துளி நீரும் இல்லை. காற்று வீசும் திசையிலுள்ள மிக அண்மைக் கரை, 3,000 மைலுக்கு அப்பாலுள்ள ஆபிரிக்கா. இத்தனைக்கும் சிலோக்கத்துக்கு நீந்தத் தெரியாது!

நல்ல வேளையாக வள்ளத்திலே ஒரு கழி கிடந்தது. அதனையே துடுப்பாகக் கொண்டு முழுப் பலத்துடன் வலித்தார். காற்றும் சற்று இடங்கொடுத்தது. கழி நிலத்திற் படும் ஆழம் குறைந்த இடத்தை அடைந்து, ஒருவாறு கரை சேர்ந்தனர்.

தமது கலத்தின் ஒவ்வொரு கயிற்றையும் அறிந்திருந்த அந்த அனுபவசாலி, பிறருடைய வள்ளத்தில் ஏறுமுன் துடுப்பு உண்டா என்று பார்க்கவில்லை. நடுக்கடலிலே அத்தகைய தவறு அவரிடம் நேர்ந்திராது. அமைதியான நீர்தான் அவருடைய விழிப்பைத் தளர்த்திவிட்டது.

பின்னர், பாதுகாப்பான வேறொரு வள்ளத்திற் சிப்பிகள் கொண்டுவரப்பட்டன. மூன்று தொன் சீமெந்தைக் கடலில் எறிந்துவிட்டு, 30 சிப்பிகளை அதன் இடத்தில் ஏற்றினார். கலம் முன்னையிலும் இலகுவாக மிதந்தது. பெருநண்டு ஒன்று ‘ஸ்பிரே’யின் அடிமரத்தைப் பற்றிப் பிடித்திருக்கின்றது என்று தீவிலே ஒரு பேச்சு உண்டாம். ஆகஸ்ட் 22ஆம் திகதி அந்த நண்டு தன் பிடியை விட்டது என்று நகைச்சுவையாகக் குறிப்பிடுகின்றார் சிலோக்கம். எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு அன்று புறப்பட்ட ‘ஸ்பிரே’, 1898 யூன் 27ஆம் திகதி அமெரிக்காவின் நியூபோர்ட் துறையை அடைந்தது. அதுவரை அது கடந்த தூரம் ஏறக்குறைய 46,000 மைல்.

உலகைச் சுற்றிய அப்பெரும் பயணம், சின்னஞ்சிறு களப்பு ஒன்றிலே முடிந்திருக்கக் கூடும். அதனாற்றான், அனுபவம் மிக்க மாலுமிகள் நங்கூரம் இட்ட பின்னரும் கண்ணயர்வதில்லை. கரை சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி தோன்றும் வேளையே, கயிற்றையும் துடுப்பையும் மறுமுறை பார்க்க வேண்டிய வேளையாகும்.