'பூனைதானே... வேற வாங்கிக்கலாம்!' செல்லப் பூனை நோயில் இறந்தால் மனசு ஏன் இவ்வளவு வலிக்குது? அடுத்து என்ன செய்யணும்?

வீட்டில் செல்லமாக வளர்ந்த பூனை நாலு நாள் சாப்பிடாமல் படுத்து, ஐந்தாம் நாள் கண்ணை மூடிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் கேட்கும் வார்த்தை, "பூனைதானே, வேற ஒண்ணு வாங்கிக்கோ."

புதுச்சேரி கதிர்காமம் போல வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. புதைக்க இடம் எங்கே? தெருப் பூனைகளுக்கும் நோய் பரவுமா? வீட்டில் இருக்கும் இன்னொரு பூனைக்கு ஆபத்தா? பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம், இந்தக் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டையும் விரிவாகப் பார்க்கலாம்.

இந்த துக்கம் இயல்பானதுதானா?

இயல்பானதுதான். அமெரிக்காவைச் சேர்ந்த துக்க ஆய்வாளர் கென்னத் டோகா, 1980களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் அதை 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் அதைத் துக்கம் என்று சுற்றி இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. செல்லப் பிராணியின் மரணம் இதற்குச் சரியான உதாரணம்.

நம் ஊரில் ஒரு மனிதர் இறந்தால் என்ன நடக்கிறது? சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை, அழுவதற்கும் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூனை இறந்தால் இதில் எதுவுமே கிடையாது. ஆபீஸில் லீவு கேட்கக்கூட கூச்சமாக இருக்கும். போதாக்குறைக்கு, பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று நினைக்கும் ஊர் இது. அதனால் பலர் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள்.

பண்டைய எகிப்தில் நிலைமை வேறு. வீட்டுப் பூனை இறந்தால் அந்த வீட்டில் உள்ளவர்கள் துக்கத்தின் அடையாளமாகப் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதாவது, அந்த துக்கம் ஊருக்கே தெரிந்தது.

ரொம்ப தூரம் போக வேண்டாம். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, 1920களில் பூனைகள் வளர்த்தவர். சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1950களில் ஆசிரம மாணவர்களுக்கு நடத்திய வகுப்புகளிலும் அந்தப் பூனைகளின் குணத்தையும் பழக்கங்களையும் பற்றிப் பேசியிருக்கிறார். பூனையை மறக்க முடியாமல் இருப்பது பலவீனம் இல்லை.

காலையில் எழுப்பிய பூனை இல்லை, கதவைத் திறந்தால் காலைச் சுற்றி வரும் பூனை இல்லை. ஒரு நாளில் இருபது முறை இந்த வெறுமை வந்து இடிக்கும். கழுத்து மணிச் சத்தம் கேட்பது போலவோ, ஓரக்கண்ணில் பூனை ஓடுவது போலவோ தோன்றலாம். நெருங்கியவரை இழந்தவர்களுக்கு வரும் அதே அனுபவம்தான் இது. பயப்பட வேண்டியதில்லை.

'நான் முன்னாடியே கவனிச்சிருக்கணுமோ?'

நோயில் பூனையை இழந்தவர்களை அதிகம் வாட்டுவது இந்தக் கேள்விதான். இதற்கு மருத்துவம் தரும் பதில் ஓரளவு ஆறுதலானது.

பூனை எலியை வேட்டையாடும். ஆனால் அதையே வேட்டையாடும் பெரிய விலங்குகளும் உண்டு. அதனால் உடம்பு சரியில்லை என்பதை வெளியில் காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். உதாரணமாக, வயதான பூனைகளுக்கு வரும் சிறுநீரக நோயில், சிறுநீரகத்தின் வேலை செய்யும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். பக்கத்திலேயே இருந்தவர்கள்கூட அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி உயிரைப் பறிக்கும் இன்னும் இரண்டு நோய்கள்:

பான்லுகோபீனியா: 'கேட் பார்வோ' என்றும் சொல்வார்கள். குட்டிகளை அதிகம் தாக்கும் வைரஸ். காய்ச்சல், வாந்தி, பேதி என்று ஆரம்பித்து, ரத்த வெள்ளையணுக்களைச் சரசரவென்று குறைத்துவிடும். காலையில் சோர்வாகத் தெரிந்த குட்டி ஓரிரு நாளில் இறந்துபோவதும் உண்டு. இது மனிதர்களுக்குப் பரவாது.

எஃப்.ஐ.பி: பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு வகை கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடலுக்குள்ளேயே மாறி ஆபத்தானதாகிவிடுகிறது. விடாத காய்ச்சல் இருக்கும், வயிற்றில் நீர் கோக்கலாம். இதுவும் கோவிட் கொரோனாவும் வேறு வேறு. பல ஆண்டுகளாக இந்த நோய் வந்தாலே மரணம்தான் என்ற நிலை இருந்தது. 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழு வெளியிட்ட ஆய்வில், ஜி.எஸ்-441524 என்ற மருந்து கொடுக்கப்பட்ட 31 பூனைகளில் 25 பிழைத்து நீண்ட காலம் நலமாக இருந்தன. கோவிட் காலத்தில் பேசப்பட்ட ரெம்டெசிவிர் மருந்தின் நெருங்கிய உறவுதான் இது.

அதற்கு முன்பு பூனையை இழந்தவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கையில் அப்போது மருந்தே இல்லை. இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

'ஊசி போட்டு அனுப்பிட்டேனே' என்ற குற்ற உணர்வு

பிழைக்கவே வாய்ப்பில்லாமல் வலியில் துடிக்கும் பூனைக்கு, மயக்க மருந்து மூலம் வலியில்லாத மரணம் தர கால்நடை மருத்துவர் ஆலோசனை சொல்லலாம். அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் 'நானே கொன்னுட்டேன்' என்று தவிப்பார்கள். மறுத்தவர்கள் 'கஷ்டப்படவிட்டேனே' என்று தவிப்பார்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இந்த வலி வரும். அதனால் வலி இருப்பதை வைத்து முடிவு தப்பு என்று அர்த்தம் கொள்ள வேண்டாம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

* உடலைக் குப்பைத் தொட்டியிலோ, வாய்க்காலிலோ போடக் கூடாது. சொந்த மண் இருந்தால் குறைந்தது 3 அடி ஆழத்தில் புதைக்கலாம். கிணறு, போர்வெல், மழையில் தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம்.

* வாடகை வீடு, மண் தரை இல்லை என்றால் உழவர்கரை நகராட்சியிடமோ, சிகிச்சை அளித்த மருத்துவரிடமோ வழி கேட்கலாம். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

* என்ன நோய் என்று தெரியாமல் இறந்திருந்தால், வீட்டில் வேறு பூனை இருப்பவர்கள் புதைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது நல்லது. பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

* நோயின்போது பூனை யாரையாவது கடித்திருந்தாலோ, ரத்தம் வரும்படி கீறியிருந்தாலோ அலட்சியம் கூடவே கூடாது. காயத்தை 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். ரேபிஸ் நாயால் மட்டும் வருவது இல்லை. கதிர்காமத்தில் உள்ளவர்களுக்கு இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

'தூங்குது', 'ஊருக்குப் போயிருக்கு', 'ஓடிப்போச்சு' என்று சொல்ல வேண்டாம். 'தூங்குது' என்று கேட்ட குழந்தை தூங்கவே பயப்படலாம். 'ஓடிப்போச்சு' என்று கேட்ட குழந்தை, நம்மைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று தேடிக்கொண்டே இருக்கும். "பூனைக்கு ரொம்ப உடம்பு சரியில்லை. டாக்டர் பார்த்தாங்க, காப்பாத்த முடியல. அது செத்துப்போச்சு, இனிமே வராது. நீ எதுவும் தப்பு செய்யல" என்று எளிமையாகச் சொன்னால் போதும். புதைக்கும்போது ஒரு பூ போடச் சொல்லலாம். பெரியவர்கள் அழுவதைக் குழந்தை பார்ப்பதில் தவறில்லை.

தனியாக வாழும் முதியவர்களையும் மறக்க வேண்டாம். நாள் முழுக்கப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தப் பூனை மட்டுமே என்றால், அவர்களுக்கு இது பெரிய இழப்பு. போன் செய்து "பூனை எப்படி இறந்துச்சு?" என்று கேட்பதே ஒரு துக்க விசாரிப்புதான்.

இன்னொரு பூனையை எப்போது கொண்டு வரலாம்?

மனசு தயாராகும்போது. அதற்குக் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் உடல்நலக் கணக்கு ஒன்று உண்டு. பான்லுகோபீனியா வைரஸ், பூனை இறந்த பிறகும் வீட்டில் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஆறுதலுக்காக உடனே கொண்டுவரும் குட்டிக்கும் அது தொற்றினால், இரண்டாவது துக்கம்.

* சாப்பாட்டுத் தட்டு, மண் தட்டு, படுக்கைத் துணியை அப்புறப்படுத்துவதே நல்லது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் உள்ள திரவ பிளீச் ஒரு பங்குக்குச் சுமார் 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கலாம்.

* பினாயிலை நம்ப வேண்டாம். சாதாரணக் கிருமிநாசினிகள் பல இந்த வைரஸைக் கொல்வதில்லை. ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைகளுக்கே நஞ்சு.

* புதுக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்க வேண்டும். 3-4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். எல்லா ஊசியும் முடிந்த பூனையைக் கொண்டுவருவது இன்னும் பாதுகாப்பு.

* வீட்டில் உள்ள இன்னொரு பூனை கத்திக்கொண்டே தேடலாம், குறைவாகச் சாப்பிடலாம். இரண்டு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் பாதிக்கும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடவே கூடாது. அது பூனையின் உயிரைப் பறிக்கும்.

எப்போது உதவி கேட்கணும்?

அழுகை அலை மாதிரி வரும், போகும். நாள் போகப் போக இடைவெளி கூடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் செயல்படுகிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அழையுங்கள். 'பூனைக்காகவா போன் செய்றது?' என்ற தயக்கம் தேவையே இல்லை.

தெரிந்தவர் வீட்டில் பூனை இறந்துவிட்டதா? "வேற வாங்கிக்கோ" என்பதற்குப் பதிலாக, அதன் பெயரைச் சொல்லி "ரொம்ப கஷ்டமா இருக்குமே" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான்.